பத்துக்குப் பன்னிரண்டு: கம்பம் பள்ளத்தாக்கின் ஒற்றை அறை வாடகை குறித்து ஓர் ஆராய்ச்சி

ஆய்வுப் பொருளின் நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து அடி. பெரியகுளம், போடி, உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களின் பழைய தெருக்களில் வாழும் இவ்வினத்துக்கு உள்ளூர்ப் பெயர் ‘சிங்கிள் ரூம்’. தேனி நகரத்துப் புதுக் கட்டடங்கள் ஆய்வு எல்லைக்குள் வரா. அவற்றின் வாடகை ஆய்வாளரின் எல்லைக்குள் வராததே காரணம்.

முதலில் தோற்றம். ஆதியில் இருந்தது திண்ணை, பட்டாசாலை, அடுப்படி, புழக்கடை என்று நீண்ட ஓட்டு வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்த அன்று பட்டாசாலையின் நடுவே ஒரு செங்கல் சுவர் எழுந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனபின் மிஞ்சிய துண்டு வாடகைக்கு வந்தது. இதனால்தான் சில அறைகளில் பாதித் தூண் சுவருக்குள்ளும் பாதித் தூண் கட்டிலின் கால்மாட்டிலும் நிற்கிறது. மறுபாதியைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும்.

குடியேறுபவர் மாற்றலாகி வந்த வங்கி ஊழியராகவோ, போடி அரசு பொறியியல் கல்லூரி மாணவராகவோ, ஏலக்காய் ஏலத்துக்கு வந்துபோகும் வியாபாரியாகவோ இருப்பார். அவரிடம் புரோக்கர் சொல்லும் முதல் சிறப்பு ‘ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம்’. அகலப் பாதைப் பணிக்காக 2010 முடிவில் நின்ற ரயில் போடிக்கு மறுபடி வந்தது 2023 ஜூன் 15 அன்று. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டும் அவ்வீடுகள் ரயில் இல்லாத ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில்தான் இருந்தன.

அடுத்தது நேர்காணல்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“விருதுநகர் பக்கம்மா.”

“பக்கம்னா?” ஊர்ப் பெயர் வந்ததும், “அங்கன எந்தத் தெரு?” அதற்கும் பதில் வந்துவிட்டால், “குலசாமி எங்க இருக்கு?”

ஆதார் அட்டையில் இல்லாத தகவல் மூன்றே கேள்வியில் கிடைத்துவிடுகிறது. சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை என்பதால் கேட்டவருக்கும் மனச்சாட்சி உறுத்துவதில்லை. “இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாக” என்ற பதில் மூன்றாம் கேள்விக்குப் பிறகே பிறக்கிறது என்பதை இவ்வாய்வு சிரிக்காமல் பதிவு செய்கிறது.

தேறியவருக்குப் பதினோரு மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யச் சொல்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். எனவே பன்னிரண்டாம் மாதத்தை நம் மக்கள் நாகரிகமாக வெட்டிவிட்டார்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். பழைய தெருவில் இந்த எழுத்து, “தம்பி, இருக்கீகளா?” என்ற குரலாக வரும், குரலுக்கும் கதவு திறப்பதற்கும் இடையே இரண்டு நொடி. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா என்றால் அதுவும் இல்லை: “ரெண்டு நாளைக்குச் சாவியக் குடுத்துட்டுப் போங்க. மதுரையில இருந்து மச்சான் குடும்பம் வருது.”

இத்தனை கெடுபிடியும் எங்கே நடக்கிறது என்பதுதான் விந்தை. உலகின் மிகத் தாராளமான வாடகை ஒப்பந்தங்களுள் ஒன்றில் வந்த தண்ணீரால் இப்பள்ளத்தாக்கு விளைகிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசு, முல்லைப் பெரியாற்று நீர்த்தேக்கத்துக்காக 8,000 ஏக்கரைப் பிரிட்டிஷ் இந்திய அரசுக்குக் குத்தகைக்கு விட்டது. காலம் 999 ஆண்டுகள். வாடகை ஆண்டுக்கு ஏக்கருக்கு 5 ரூபாய். கட்டுமானத்துக்கு அங்கேயே மரம் வெட்டலாம், தேங்கிய நீரில் மீனும் பிடிக்கலாம். வாடகை ஏறியது 84 ஆண்டுகள் கழித்து, 1970-இல்: ஏக்கருக்கு 30 ரூபாய். மீன்பிடி உரிமை அப்போதுதான் கேரளத்திடம் போனது.

கரண்ட் தகராறும் அங்கே இருந்தது. பாசனத்துக்குக் கொடுத்த தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா என்ற வழக்கில், கூடாது என்று 1941-இல் தீர்ப்பானது. 1970 ஒப்பந்தம் அதை அனுமதித்தது. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருக்கும் பேச்சிலர்கள் இவ்வழக்கைப் படித்து வைப்பது நல்லது. அரசு தரும் இலவச யூனிட் வீட்டுக்காரருடையது. குடியிருப்பவருக்கு வாய்ப்பது சப் மீட்டர், அதில் முதல் யூனிட்டுக்கே காசு.

இனிக் கணக்கு. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. 120 சதுர அடி அறைக்கு 1886-ஆம் ஆண்டு வீதப்படி வருட வாடகை ஒன்றரைப் பைசாவுக்கும் குறைவு. 1970 வீதப்படி எட்டுப் பைசா. இதைக் கம்பத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்க்கலாம். அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் படத்தைச் சாமி படங்களோடு மாட்டியிருப்பவர் அவர், மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். ஆனால் அதே படத்தைத் தன் அறையில் மாட்டக் குடித்தனக்காரர் ஓர் ஆணி அடிக்க முடியாது.

999 ஆண்டுக்குச் சற்றேனும் அருகில் வருவது ஒத்தி. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது, அந்தத் தொகைக்கு வட்டியும் கிடையாது. கெடு முடிந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்க வேண்டும். வாங்கிய பணம் மகள் கல்யாணத்தில் கரைந்திருக்கும் என்பதால் ஒத்திக்காரரை அசைக்க முடியாது. வீட்டுக்காரரே அவரைப் பார்த்து முதலில் வணக்கம் சொல்லும் அரிய காட்சி ஒத்தி வீடுகளில் மட்டும் கிடைக்கிறது.

வாடகைக்காரர் காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் முழுதாகத் திரும்பாது. “சுவரெல்லாம் அழுக்காயிருச்சே தம்பி” என்று வெள்ளையடிப்புக்கு ஒரு மாத வாடகை கழியும். அடுத்தவர் திங்கட்கிழமை பால் காய்ச்சிக் குடிவருவார். சுவர் அதே அழுக்கோடு இருக்கும்; பதினோரு மாதம் கழித்து அவரிடமும் அதற்குக் கழிப்பார்கள்.