மார்க்கு ஷீட்டுக்கு வைத்தியம்

வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. பேரன் அரையாண்டுப் பரீட்சையில கணக்குல 31 வாங்குனதுக்கு நீங்க ரெண்டு நாளா சோறு திங்கலைன்னு அம்மிணி போன் பண்ணுச்சு. பரீட்சை எழுதுனவன் வயிறாரத் தின்னுட்டு விளையாடப் போயிட்டான். எழுதாத நீங்க பட்டினி. பொறுப்பான தகப்பன்னா இப்படித்தான் இருக்கோணும்.

நீங்க பண்ணுன ஏற்பாடும் அருமைங்க. பள்ளிக்கூடம் விட்டா ஒரு டியூசன், அது விட்டா இன்னொரு டியூசன். ஒரே பாடம் மூணு எடத்துல புரியாம இருக்கறதுக்கு மூணு பேருக்குக் காசு. நடுவுல, "மூளை இருக்கு, பொறுப்பு இல்லை"ன்னு சொந்தக்காரங்க முன்னால தினம் ஒருக்கா சொல்றீங்களாமே, அதை மட்டும் விட்டுப்போடாதீங்க. ஒன்பதாவதுக்கு நாமக்கல் பக்கம் விடுதியில போடப்போறதாவும் கேள்வி. பிராய்லர் பள்ளின்னு ஊரே சொல்லுது. சொல்லீட்டுப் போகட்டும். பிராய்லருக்கு எடை ஏறுனாப் போதும், கூவத் தெரியுமான்னு யாரு கேக்கறா?

"நம்ம ஈரோட்டுல பொறந்தவருடா"ன்னு ராமானுஜனைச் சொல்லித்தானே பையனைத் திட்டறீங்க? கதையை முழுசாச் சொல்லிப்போடுங்க. 1904-ல உதவித்தொகையோட கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குப் போனவரு, கணக்கைத் தவிர மத்த பாடத்தைத் திரும்பிப் பாக்காம உதவித்தொகையைத் தொலைச்சாரு. பொறவு மெட்ராஸ் பச்சையப்பன் கல்லூரி. அங்கயும் எஃப்.ஏ. தேறலை, 1907-ல மறுக்கா எழுதியும் தேறலை. 1912-ல துறைமுகத்துல மாசம் 30 ரூவாய்க்குக் குமாஸ்தா. 1918-ல லண்டன் ராயல் சொசைட்டி கூப்புட்டு உறுப்பினராக்குச்சு. குமாஸ்தா ஆகறதுக்கு முந்தி, கையில காசில்லாம அலைஞ்சப்ப, நெல்லூர் கலெக்டரா இருந்த ராமச்சந்திர ராவ் கொஞ்ச காலம் மாசாமாசம் செலவுக்குக் குடுத்தாரு. மார்க்கு ஷீட்டைப் பாத்தா குடுத்தாரு? அவரு கொண்டுபோன நோட்டைப் பாத்துக் குடுத்தாரு.

உடனே "எம்மவனும் ஃபெயிலு, அப்ப அவனும் மேதை"ன்னு கெளம்பிடாதீங்க. ஃபெயிலானவனெல்லாம் ராமானுஜன்னா, நம்ம பங்காளிகள்ல பாதிப்பேரு ராயல் சொசைட்டியில இருக்கோணும்.

நான் சொல்றது, நீங்களும் ஒருக்கா பையனோட நோட்டைப் பாருங்க. மணிக்கு இத்தனை லிட்டர் தண்ணி விழுந்தா தொட்டி எப்ப நெறையும்னு வாயில கேட்டா, நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள பதிலு வருது. அதே கணக்கு தாள்ல வந்தா, எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுப்போடுது. ஏழாவது வந்தும் இங்கிலீசு 'பி'க்கு வயிறு எந்தப்பக்கம், 'டி'க்கு எந்தப்பக்கம்னு திகைக்கறான். சோம்பேறியாட்டவா தெரியுது? கண்ணுக்கோளாறா இருக்கலாம், டிஸ்லெக்சியாங்கற கற்றல் குறைபாடா இருக்கலாம், ரெண்டும் இல்லாமலும் போகலாம். தெரிஞ்சவங்ககிட்டச் சோதிக்காம டியூசனை ஏத்தி ஏத்தி என்ன பண்றது? புத்தி இல்லாததால வர்றதில்லைங்க டிஸ்லெக்சியா. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை சொல்லுதே, அதுல கற்றல் குறைபாடும் ஒண்ணு. முறையாச் சான்றிதழ் வாங்குனா பத்தாவது பரீட்சையில எச்சா நேரம் கெடைக்கும், இவன் சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஆளும் கெடைக்கும்.

"சான்றிதழ் வாங்குனா ஊரு என்ன சொல்லும்"னு மூஞ்சியச் சுளிக்காதீங்க. 31-ஐ ஊருபூரா சொன்னதே நீங்கதானே? அப்ப வராத வெக்கம் இப்பவும் வரவேண்டாமுங்க.

மத்தபடி, மார்க்கு இல்லாதவன் மனுசனே இல்லைன்னு நீங்க சொல்றதுல எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனா ஒண்ணு, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு உங்க பி.காம். மார்க்கு ஷீட்டை நாங்க கேட்டிருந்தா, இந்தப் பையன் பொறந்தே இருக்கமாட்டான்.