மௌனம் தகராறுக்கு அறிகுறி

எங்கள் வீட்டுப் பக்கச் சுவர் 9 அங்குலத் தடிப்பு. அதில் 4½ அங்குலம்தான் என்னுடையது. இது தெரியாமல் லண்டன் ஈஸ்ட் ஹாமில் பதினெட்டு வருடம் ஒன்பது அங்குலக்காரனாகவே வாழ்ந்துவிட்டேன். ஆணி அடித்தேன், முருகன் படம் மாட்டினேன், பலகைத் தட்டு பூட்டினேன். அந்த அளவு சில்லறை வேலைகளைச் சட்டமும் கண்டுகொள்வதில்லை. கூரைக்குள் ஓர் அறை எடுக்க வெளிக்கிட்டபோதுதான் வினை வந்தது.

லொஃப்ட் அறைக்கு இரும்பு உத்தரம் போட வேண்டும். உத்தரத்தின் நுனிகள் இரண்டு பக்கச் சுவர்களுக்குள்ளும் போய் இருக்க வேண்டும். அந்தச் சுவர்களில் பாதி அயலவருடையது. ஆகவே வேலை தொடங்க இரண்டு மாதத்துக்கு முன்பே அவர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். படம் கீறித் தந்தவர் போகிற போக்கில், “பார்ட்டி வால் குடுத்திட்டியளோ?” என்று கேட்டார். குசினிக்குள் நின்ற மனைவிக்குப் பாதிதான் கேட்டது. “பார்ட்டியோ? எத்தனை பேருக்கு?” என்றாள். கட்லட் கணக்குப் போடுகிற குரல்.

இப்படி அறிவிக்கச் சொல்கிற, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடக்கிற பொதுச்சுவர்ச் சட்டத்தின் முழுப்பெயர் ‘பார்ட்டி வால் எட்செட்ரா அக்ட் 1996’. சட்டத்தின் பெயருக்குள்ளேயே ‘முதலியன’ போட்டிருக்கிறார்கள். சுவர் முதலியன! அந்த முதலியனவுக்குள் யார் யார் அடக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது. 1666இல் புடிங் லேன் பேக்கரி ஒன்றில் பிடித்த தீ லண்டனைத் தின்று முடித்தபின், இனிச் செங்கல்லிலும் கல்லிலும்தான் வீடு என்று சட்டம் போட்டார்கள். பொதுச்சுவர் விதிகளும் அதற்குள் இருந்தன. எவனோ பாண் சுட்டதற்கு, முந்நூற்றைம்பது வருடம் கழித்து நான் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

எழுதக் கை ஓடவில்லை. யாழ்ப்பாணத்தில் அயலவனுக்குக் கடிதம் போனால் அது பிரக்கிராசியின் கடிதம். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் அப்பு, வேலி அடைக்கும்போது கதியால் அரை அடி தள்ளிவிட்டது என்று போட்ட வழக்கு, அப்புவுக்குப் பிறகும் உயிரோடு இருந்தது. இத்தனைக்கும் 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமையிலேயே, காணி விற்க முன் உரிமைக்காரருக்கும் பங்காளிகளுக்கும், அடைவு பிடித்திருக்கும் பக்கத்துக் காணிக்காரனுக்கும் அறிவிக்க வேண்டும் என்று இருந்தது. அறிவித்தல் எங்கள் சாமான்தான். நாங்கள் அதைச் சண்டைக்கென்று எடுத்து வைத்துவிட்டோம்.

ஆளை வைத்து எழுதினால் காசு என்று நானே இரண்டு கடிதம் தட்டினேன். இடப்பக்கத்தில் இளைப்பாறிய வெள்ளைக்கார ஆசிரியை. கடிதம் அன்று பின்னேரமே திரும்பி வந்தது, சிவப்பு மையோடு. இரண்டு எழுத்துப்பிழை திருத்தி, அடியில் ஒரு கேள்வியும் போட்டிருந்தார்: ‘வீடு உங்கள் மனைவியின் பெயரிலும் இருக்கிறதல்லவா? அவர் ஏன் கையெழுத்து வைக்கவில்லை?’

கூட்டாக வாங்கிய வீடு என்றால் எல்லா உரிமையாளரும் சேர்ந்துதான் அறிவிக்க வேண்டுமாம். செல்லாத கடிதத்தைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன்.

“பதினெட்டு வருசமா நானும் இந்த வீட்டுக்காரிதான் எண்டு அந்த மனுசிக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது.

புதிய கடிதத்தில் ஆசிரியை உடனே கையெழுத்து வைத்தார். காலை ஒன்பதுக்கு முன் துளைபோடக் கூடாது என்றார், அவ்வளவுதான். வலப்பக்கம் எங்கள் ஆள். ஊரில் எங்களுக்கு அடுத்த கிராமம். அண்ணை, அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அங்கே சிக்கல் வராது என்று வடையும் கடிதமுமாய்ப் போனேன்.

“என்ன தம்பி, எங்களுக்குள்ள என்ன கடிதம்? நீர் கட்டும்!” என்றார் அண்ணை. வடையை எடுத்தார். கடிதத்தைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் செருகினார். நான் மகிழ்ந்துபோய் வந்தேன். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று படித்து வளர்ந்தவன் நான். இங்கே வாய்ச்சொல்லே கிடைத்துவிட்டதே!

இந்தச் சட்டம் வேறு பள்ளிக்கூடத்தில் படித்தது. 14 நாளுக்குள் எழுத்தில் சம்மதம் வராவிட்டால், இரு வீட்டுக்கும் இடையில் தகராறு எழுந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். பதினான்காம் நாள் இரவு நானும் அண்ணையும் அவர் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுச்சாமத்தில் எங்களுக்குள் தகராறு தொடங்கியது. இருவருக்கும் தெரியாது.

விஷயம் விளங்கி நான் அடுத்த கடிதத்தோடு ஓடினேன். அதில் ‘தகராறு’ என்ற சொல்லைக் கண்டதும் அண்ணை வெலவெலத்துப்போனார். “நான் ஒருநாளும் கோட்டுப் படி ஏறினவனில்லை, தம்பி. இனி நானா ஒண்டும் எழுதமாட்டன்,” என்றுவிட்டு மருமகனைக் கேட்டார். மருமகன் சட்டத்தைச் சரியாகத்தான் சொன்னான்: தகராறைத் தீர்க்க இரண்டு பேரும் ஒரே சர்வேயரை வைக்கலாம், அல்லது ஆளுக்கொருவரை வைக்கலாம்; செலவு பெரும்பாலும் கட்டுகிறவன் தலையில். அண்ணை பெருந்தன்மையோடு ஆளுக்கொருவர் என்றார். “உமக்கும் ரெண்டு பேர் நிண்டாப் பலம்தானே?” வைத்தபின் சர்வேயரை விலக்கவும் முடியாது. வந்த இருவரும் முதல் வேலையாக மூன்றாம் சர்வேயர் ஒருவரைத் தெரிந்தெடுத்தார்கள். தாங்கள் ஒத்துப்போகாவிட்டால் தீர்ப்புச் சொல்லவாம். அந்த மூன்றாமவரை நான் கடைசிவரை காணவில்லை. இருந்தும் இரவில் புரண்டு படுக்கும்போது அவர் முகம்தான் வரும்.

வேலைக்கு முன் அண்ணை வீட்டுச் சுவர் எப்படி இருக்கிறது என்று படமெடுத்துப் பதிந்துவைப்பது வழக்கம். ஏற்கெனவே இருக்கிற வெடிப்பை என் தலையில் போடாதபடி, எனக்காகத்தான் இந்த ஏற்பாடு. சர்வேயர்மார் கமராவோடு படியேறினார்கள். அண்ணை வீட்டு மேல்மாடி அறையில் மூலையிலிருந்து ஜன்னல்வரை பாம்பு மாதிரி ஒரு வெடிப்பு ஓடும். நான் பலமுறை கண்டது. அன்று சுவர் பளிங்காக இருந்தது. புதுப் பெயின்ற் மணம் வேறு.

“ஆக்கள் வந்து படமெடுக்கப்போயினம் எண்டு நீங்கள் சொன்னனீங்கள்தானே,” என்றார் அக்கா. “அலங்கோலமாக் கிடந்தா எங்களுக்கும் வெட்கமெல்லோ? ரெண்டு நாளா அண்ணையும் நானும் பூசினனாங்கள்.” ‘வெடிப்பு எதுவும் இல்லை’ என்று இரண்டு சர்வேயர்களும் ஒரே மனதாக எழுதினார்கள். அவர்கள் தங்களுக்குள் முதன்முதலாக ஒத்துப்போனது அதில்தான்.

உத்தரம் ஏற்றிய கிழமையே பாம்பு பெயின்றைக் கிழித்துக்கொண்டு தலைநீட்டியது. நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் அக்கா பூசியதைச் சொல்ல வேண்டும்; சொன்னால் எங்களுக்குள் உண்மையான தகராறே வந்துவிடும். பூச்சுக்காரனுக்குக் காசு கொடுத்தேன். பழைய வெடிப்பும் அதோடு பூரணமாகக் குணமாகிவிட்டது. அக்கா பார்த்துவிட்டு, “நல்ல வேலைக்காரன், என்ன?” என்றார்.

போன கிழமை அண்ணை எங்கள் கதவைத் தட்டினார். அவரும் லொஃப்ட் எடுக்கிறாராம். கையில் வடை, மற்றக் கையில் நோட்டீஸ். அதில் அக்காவின் கையெழுத்தும் முறைப்படி இருந்தது. நான் உணர்ச்சிவசப்பட்டு அந்த இடத்திலேயே பேனையைத் திறந்தேன்.

மனைவி கடிதத்தை வாங்கி, திகதியைப் பார்த்து, காந்தம் வைத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பிறகு எங்கள் படுக்கையறைச் சுவரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, அவசரப்படாதேங்கோ. பதினாலு நாள் கிடக்குத்தானே? பெயின்ற் கடை எத்தனை மணிக்குப் பூட்டுறவங்கள்?”