தலைக்கு எவ்வளவு?

கண்டியில் கடல் கிடையாது. ஆனால் கடலுக்கு ஆள் சேர்ப்பவர் ஒருவர் ஒவ்வொரு வங்கிக் கிளையிலும், ஒவ்வொரு பாடசாலை ஆசிரியர் அறையிலும், கட்டுக்கலைப் பக்கம் நடக்கும் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் இருக்கிறார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனை. வரவுக்கு நீலம், செலவுக்குச் சிவப்பு. கக்கத்தில் ஒரு சி.ஆர். கொப்பி. "எப்படி, சுகமா?" என்று கேட்டுப் பாருங்கள். "வாற மாசம் போயா வெள்ளிக்கிழமை விழுது, கவனிச்சீங்களா?" என்றுதான் பதில் வரும்.

அவரை அமைப்பாளர் என்றே அழைப்போம். இந்த நாட்டில் அமைப்பாளர் என்றதும் கட்சிகளின் தொகுதி அமைப்பாளர்தான் நினைவுக்கு வருவார். அவர் பஸ்ஸும் சோற்றுப் பார்சலும் கொடுத்து ஆள் சேர்ப்பார். நம்மவர் பஸ்ஸுக்கும் பார்சலுக்கும் நம்மிடமே வாங்கிக்கொண்டு சேர்ப்பார்.

இவருடைய கண் புறாமலைத் தீவின் மேல். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி. அந்தக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் கிடக்கிறது தீவு. மாடப்புறாக்கள் குடியிருக்கும் பாறை. வெள்ளைக்காரன் காலத்தில் அதைக் குறிவைத்துச் சுட்டுப் பழகினார்கள். 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் தேசியப் பூங்கா. 1998இல் கடல் சூடேறித் தென்கரைப் பவளப்பாறைகள் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பிக்கொண்டது. அதனால் அங்கே ஆழத்துக்குப் போகவே வேண்டாம். கண்ணாடியை மாட்டி, குழாயை வாயில் கவ்வி, முகத்தைத் தண்ணீரில் வைத்தால் போதும். பவளம், நிறம் நிறமாய் மீன், அதிர்ஷ்டம் இருந்தால் செட்டை நுனி கறுத்த, ஆளைச் சீண்டாத சுறா. இவ்வளவும் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. மிச்சப் பக்கமெல்லாம் காசு.

"தீவுலயே ராத் தங்கலாமா?" என்று யாராவது ஆசையாய்க் கேட்பார்கள். முடியாது. தேசியப் பூங்கா, பொழுது சாய்வதற்குள் எல்லாரும் கரைக்குத் திரும்பியாக வேண்டும். அமைப்பாளர் இதில் மனம் தளர்வதில்லை. "அப்ப, தீவுல தங்குற செலவு பூச்சியம்" என்று சொல்லி, அந்தப் பூச்சியத்தை நீலப் பேனையால் வரவுப் பக்கத்தில் எழுதுவார்.

போக்குவரத்திலும் இதே தர்க்கம்தான். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்குப் பஸ்ஸில் ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. இரவில் புறப்பட்டால் விடியப் போய்ச் சேரலாம், ஒரு இரவு அறை வாடகை மிச்சம். அடுத்த இரவே திரும்பினால் இன்னொரு வாடகையும் மிச்சம். தங்காமலே தங்கிவரும் இந்த வழியை அவர் கண்டுபிடித்த அன்று வீட்டில் இரண்டு நாள் யாரும் அவரோடு பேசவில்லை என்று கேள்வி. பிறகு ரயிலுக்குத் தாவினார். அரச உத்தியோகத்தருக்கு வாரண்ட் உண்டு, டிக்கட்டுக்குக் காசில்லை. ஆனால் கண்டியில் ஏறி, பொல்கஹவலையில் இறங்கி, மாஹோவுக்குப் போய், அங்கிருந்து கல்லோயா, கந்தளாய் என்று நாட்டை ஒரு சுற்றுச் சுற்றித்தான் திருகோணமலையைப் பிடிக்க வேண்டும். காசு மிஞ்சும், லீவு மிஞ்சாது. மகாவலி மீது அவருக்கு ஒரு பொறாமையே உண்டு. கெட்டம்பேயில் ஆற்றைக் காட்டி, "பாருங்க, 335 கிலோமீற்றர். கண்டிய ஒரு வளைவு வளைஞ்சு, கடைசியில மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவுல போய் விழுது. ஒரு சதம் குடுக்குதா?" என்பார்.

கூட்டங்கள் நடப்பது கண்டி வாவிக் கரையில். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு பிளேன்டீயாவது சொல்ல வேண்டுமே! வாவிக் கரை வாங்குக்கு வாடகை இல்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டத் தொடங்கிய இந்த வாவிக்குச் சிங்களத்தில் பாற்கடல் என்று ஒரு பெயரும் உண்டு. நடுவே ஒரு குட்டித் தீவும் இருக்கிறது. அரசனின் அந்தப்புரத்தார் நீராடிய இடம் என்பார்கள். பிறகு ஆங்கிலேயர் அதில் வெடிமருந்து அடுக்கினார்கள். கடலும் தீவும் கண்ணெதிரே இருப்பதால் அமைப்பாளருக்குப் பேச்சு ஊறும். வரலாற்றுக்குப் போய்விடுவார்.

"கண்டி வரலாத்துல செலவில்லாமப் பயணம் போனது ரெண்டே பேர். ஒருத்தர் இந்த ராஜா. 1816இல கப்பல்ல ஏத்தி, குடும்பத்தோட வேலூருக்கு. முழுச் செலவும் இங்கிலிஷ்காரன்." நாடுகடத்தல் என்ற சொல்லை அவர் பாவிக்க மாட்டார். "மத்தவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல கப்பல் பாய்மரம் பழுதாகி, கொட்டியாரத்துல கரையேறினவர். ராஜாவின்ட ஆளுங்க புடிச்சு உள்ளுக்குக் கொண்டுவந்தாங்க. பத்தொன்பது வருஷம்! சாப்பாடு ஊர்ச்சனம் குடுக்கணும்னு அரச கட்டளை. 1679இல தப்பி ஓடி, லண்டனுக்குப் போய், ரெண்டு வருஷத்துல புத்தகமும் போட்டுட்டார்." இங்கே நிறுத்தி, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். "தங்குமிடம் எண்டா அப்படி அமையணும்."

நொக்ஸுக்கு அமைந்தது இவருக்கு அமையவில்லை. ஆகவே சர்க்கிட் பங்களா தேடுகிறார். அரச திணைக்களங்கள் தங்கள் ஆட்களுக்கென்று ஊர் ஊராய் வைத்திருக்கும் விடுதிகள் அவை. வாடகை சொற்பம். அரிசி, மீன் வாங்கிக் கொடுத்தால் காவற்காரரே சமைத்தும் தருவார். சிக்கல் ஒன்றுதான். திணைக்களத்தில் வேலை செய்பவர் பெயரில் விண்ணப்பம் போக வேண்டும். எனவே நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ வீதி அபிவிருத்தியிலோ வேலை பார்ப்பவர் வீட்டில் ஒரு சாவு என்றால், பந்தலுக்கு முதலில் வந்து கதிரை அடுக்குபவர் இவர்தான். எட்டுச் செலவு வரைக்கும் தீவுப் பேச்சை எடுக்க மாட்டார். அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர்.

மிக உயர்ந்த ஏற்பாடு சொந்தக்காரர் வீடு. உப்புவெளியில் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறார். மூன்று அறை, கிணறு, முற்றத்தில் மாமரம். அங்கிருந்து நிலாவெளிக்கு ஊர் பஸ்ஸே போகும். இந்தக் கட்டத்தில்தான் இயற்கையும் சமயமும் சேர்ந்து அவருக்கு எதிராகச் சதி செய்கின்றன. கிழக்குக் கடல் அடங்கிக் கிடப்பது மே முதல் செப்டெம்பர் வரை. பிள்ளைகளுக்கு லீவும், கடலில் தெளிவும் ஒன்றாய்க் கூடுவது ஓகஸ்டில். அதே நாட்களில்தான் கண்டியில் எசல பெரஹெர. கும்பல் ஐந்து நாள், ரந்தோலி ஐந்து நாள். தலதா வீதியில் கதிரைக்கு வாடகை வாங்கும் காலம். அமைப்பாளர் உப்புவெளிக்கு அழைப்பெடுப்பார். "மச்சான், ஓகஸ்ட்ல அங்க ஒரு நாலு நாள்..." முடிப்பதற்குள் மறுபக்கத்திலிருந்து சந்தோஷக் குரல்: "நாங்களே சொல்ல இருந்தம்! பெரஹெர பார்க்க அங்க வாறம். ஆறு பேர். பாய் மட்டும் போதும்."

வந்தார்கள். கடைசி ரந்தோலி முடிந்தும் இரண்டு நாள் இருந்தார்கள். கொட்டியாரக் குடா பக்கத்திலிருந்து வந்து கண்டியில் ஊர்ச் சாப்பாட்டில் தங்கும் மரபு எங்கே தொடங்கியது என்று அவருக்குத் தெரியும், சொல்லத்தான் முடியவில்லை.

டிசம்பரில் போனால் என்ன என்றும் ஒரு வருடம் கணக்குப் பார்த்தார். அந்த மாதம் நிலாவெளியில் அறை வாடகை நன்றாக இறங்கிவிடும். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிப்பதால் படகு தீவுக்குப் போகாது. "அப்ப படகுக் காசும் மிச்சம்" என்றார். அன்றைக்குக் கூட்டம் அத்தோடு கலைந்தது.

ஆனால் எந்தத் திட்டமானாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்று. தலை. வேனுக்கு முழு வாடகை, படகுக்கு முழு வாடகை, வனசீவராசிகள் திணைக்கள டிக்கட்டிலும் ஆளுக்கொரு தொகை போக, குழுவுக்கென்று ஒரு சேவைக் கட்டணம். ஆக, தலை கூடக்கூடத் தலைக்குரிய காசு குறையும். இந்த ஒரு வரியை நம்பித்தான் அவர் ஊர் முழுக்க அலைகிறார். புதுமணத் தம்பதிகள் அவருக்கு மிகவும் பிடித்தவர்கள்: இரண்டு தலை, ஒரு ஆசனம். பருத்த பெரியப்பாக்களைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொள்வார்: ஒரு தலை, இரண்டு ஆசனம். மடியில் உட்காரும் குழந்தை வேனில் தலையாகாது, படகில் ஆகும். லைஃப் ஜாக்கெட்டை எண்ணித்தானே படகுக்காரர் ஏற்றுவார்.

ஒரு ஜூன் மாதத்தில், எப்படியோ, உண்மையாகவே போனார்கள். பதினான்கு பேர் கொள்ளும் வேன். தீவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் லஞ்ச் சீட் இல்லாமல் வாழையிலையில் கட்டிய புளிச்சோறு, ஆளுக்கு அரை முட்டை. கடையில் எங்கும் நிறுத்தக்கூடாது என்று சாரதிக்குக் கட்டளை. கந்தளாயில் வரிசையாய்த் தயிர்ச் சட்டி தொங்கிய இடத்தில் சாரதி கட்டளையை மீறினார், எல்லாரும் இறங்கினார்கள், அமைப்பாளர் வேனுக்குள்ளேயே இருந்து சிவப்புப் பேனையைத் திறந்தார்.

டிக்கட் கருமபீடத்தில் இன்னொரு சோதனை. டொரன்டோவிலிருந்து வந்திருந்த தம்பி மகனும் கூட்டத்தில் ஒருவன். வெளிநாட்டவருக்கு விலை பல மடங்கு. "நீ வாயே தொறக்காத. நடுவுல நில்லு. தொப்பியக் கழட்டு" என்று வழியெல்லாம் பாடம் நடந்திருந்தது. தொப்பியில் மேப்பிள் இலை. பையன் தொப்பியைக் கழற்றினான், நடுவில் நின்றான், வாயும் திறக்கவில்லை. உத்தியோகத்தர் அடையாள அட்டைகளை வாங்கிச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தபோது மட்டும், பழக்கதோஷத்தில், எல்லார் சார்பிலும் சுத்தமான ஆங்கிலத்தில் நன்றி சொன்னான். வித்தியாசக் காசை அவனே மலர்ந்த முகத்தோடு கட்டிவிட்டான். அமைப்பாளருக்குத்தான் அன்று முழுக்க நெஞ்சு எரிந்தது.

தீவில் இறங்கியதும் பவளத் துண்டுகள் பாதத்தைக் குத்தின. இரண்டு பேருக்கு ஒரு கண்ணாடி என்பது அவர் போட்ட ஒழுங்கு. முறைக்கு இவ்வளவு நேரம் என்று கையில் கடிகாரம். முதல் ஆள் தண்ணீரில் முகத்தை வைத்ததோடு ஒழுங்கு போயிற்று. வாழ்க்கையில் கடலையே மூன்று தடவைக்கு மேல் பார்த்திராத மாத்தளைப் பெரியம்மா லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்தபடி, குழாய்க்குள்ளேயே "ஊ, ஊ" என்று சத்தம் போட்டார். நீலமும் மஞ்சளுமாய் மீன்கள் அவர் கையைச் சுற்றின. யாரோ சுறா என்றார்கள். பிள்ளைகள் அதை நோக்கியே நீந்தினார்கள். முறை முடிந்தது என்று கரையிலிருந்து அமைப்பாளர் கூவியது ஒருவருக்கும் கேட்கவில்லை, காதெல்லாம் தண்ணீருக்குள். அவர் இறங்கவில்லை. பதினான்கு சோடி செருப்பையும் காவல் காக்க ஓர் ஆள் வேண்டாமா?

என் மதிப்பீட்டில், அந்த ஒரு நாளுக்காக அவருடைய கஞ்சத்தனம் அத்தனையையும் மன்னிக்கலாம். அவர் இல்லாவிட்டால் அந்தப் பெரியம்மா மாத்தளைச் சந்தைக்கு அப்பால் போயிருக்கவே மாட்டார். தாராள மனசுக்காரர்கள் "ஒரு நாளைக்கு எல்லாரும் போவோம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். வேன்காரனோடு பேரம் பேசி விடியக்காலை ஆள் எழுப்புவது இந்தக் கொப்பிக்காரர்தான். மன்னிப்பதற்குக் கொழுந்தியாள் மட்டும் சம்மதிக்கவில்லை. அவர் கச்சேரியில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். திரும்பிவந்த வாரம் கணக்குத் தீர்க்கக் கொப்பியோடு வந்தவரிடமிருந்து அதை வாங்கி, கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் பார்த்தார்.

"அத்தான், போனது பதினாலு பேர். பதின்மூணால பிரிச்சிருக்கீங்க."

"நான் தண்ணியிலயே எறங்கலயே!"

"வேன்ல?"

"வேன்ல முன்னுக்கு இருந்து டிரைவருக்கு வழி சொல்லிக்கிட்டு வந்தேன். அது வேலை."

"படகுல?"

"செருப்புக் காவல்."

"சோறு? முட்டை?"

"மீந்தத்தான் சாப்பிட்டேன்."

"ஆளுக்கு அரை முட்டையில என்ன மீந்திச்சு?"

பதில் இல்லை. கொழுந்தியாள் அவருடைய சட்டைப் பையிலிருந்தே சிவப்புப் பேனையை எடுத்து, பதினான்கால் மறுபடி பிரித்து, பட்டியலின் அடியில் அவர் பெயரை எழுதி, எதிரே தொகையையும் போட்டார். அமைப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தத் தொகையைக் குனிந்து பார்த்தார்.

"இது உள்நாட்டு விலையா, வெளிநாட்டு விலையா?" என்று கேட்டார்.