வருமா, வராதா: ஒரு பஜ்ஜி பந்தயம்

கல்லூரி மாணவர், காட்டூர்: ரிஹானாவின் அடுத்த ஆல்பம் தீபாவளிக்குள் வருமா என்று எங்கள் ரூமில் பந்தயம். தோற்பவர் ஆறு பேருக்கும் புரோட்டா வாங்கித் தர வேண்டும். எந்தப் பக்கம் நிற்கலாம்?

கண்ணை மூடிக்கொண்டு 'வராது' பக்கம் நில்லுங்கள். அவருடைய 'ஆன்டி' ஆல்பம் வந்தது 2016 ஜனவரியில். அதற்குப் பிறகு 2025 வரை அழகுசாதனக் கம்பெனி வந்தது, சூப்பர் பவுல் மேடை வந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஆல்பம் மட்டும் வரவில்லை. ஓர் ஆல்பம் வெளிவர எல்லாம் கூடிவர வேண்டும். தள்ளிப்போக ஒன்றே ஒன்று போதும். மிக்ஸிங் திருப்தியில்லை, இசைக் கம்பெனியோடு கணக்குத் தீரவில்லை, பாடியவருக்கே பாட்டு அலுத்துவிட்டது.

ஆனால் 'இனி வரவே வராது' என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகளான பாடகி எம்.ஐ.ஏ., 2016-ல் வெளியிட்ட ஆல்பத்தையே தன் கடைசி ஆல்பம் என்பது போலப் பேசினார். 2022-ல் 'மாதா' என்ற ஆல்பம் வந்து நின்றது.

அதே ரூம், இன்னொரு மாணவர்: நான் ஜெயித்து, அவன் புரோட்டா வாங்கித் தராவிட்டால் வழக்குப் போடலாமா?

முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-ஆம் பிரிவு: பந்தய ஒப்பந்தம் செல்லாது, அந்தப் பணத்தைக் கோர்ட்டில் கேட்க முடியாது. குதிரைப் பந்தயத்தில் ஜெயிப்பவருக்கான 500 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள பரிசுக்குப் பணம் சேர்ப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. புரோட்டாவுக்கு இல்லை. சால்னா ஆறுவதற்குள் சமாதானமாகப் போங்கள்.

ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி, பொன்மலை: என் வயதுக்காரர்கள் அதிகம் காத்திருந்த இசை எது?

இளையராஜாவின் சிம்பொனி, சந்தேகமே இல்லை. 1993-ல் அவர் லண்டன் போய், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். கேசட் எப்போது வரும், எப்போது வரும் என்று நாம் கேட்டுக் கேட்டு, கேசட்டின் காலமே முடிந்துபோனது. சிடி வந்தது, அதுவும் போனது. 2005-ல் அவர் இசையமைத்த திருவாசகம் வந்தபோது கொஞ்சம் தாகம் தணிந்தது. பிறகு 2025 மார்ச் 8, லண்டன் மேடையில் அவருடைய 'வேலியன்ட்' அரங்கேறியது. அது புதிதாக எழுதிய சிம்பொனி; 1993-ல் பதிவானது வெளிவரவே இல்லை.

ஆக, 1993-ல் 'வரும்' என்று பந்தயம் கட்டியவர் ஜெயித்தாரா, தோற்றாரா? பஞ்சாயத்து வைத்தாலும் தீராது. ஆனால் பத்து வயதில் காத்திருக்க ஆரம்பித்து, நாற்பத்திரண்டு வயதில் அந்த அரங்கேற்றச் செய்தியைப் படித்த ரசிகருக்கு இந்தக் கணக்கே தோன்றியிருக்காது. அன்று காலை செய்தித்தாளை மடித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை.

தனியார் நிறுவன ஊழியர், திருவெறும்பூர்: யார் ஆல்பம் விடுவார்கள் என்று பணம் கட்ட அமெரிக்காவில் தனிச் சந்தையே இருக்கிறதாமே?

இருக்கிறது. கால்ஷி, பாலிமார்க்கெட் என்று பெயர்கள். 'வரும்' என்ற சீட்டை 30 சென்டுக்கு வாங்குகிறீர்கள். ஆல்பம் வந்தால் ஒரு டாலர், வராவிட்டால் பூஜ்யம். விலை 30 சென்ட் என்றால், வர 30 சதவீத வாய்ப்பு என்று கூட்டம் நினைக்கிறது என்று பொருள். ரிஹானா ஆல்பம் முதலில் வருமா, 'ஜிடிஏ 6' வீடியோ கேம் முதலில் வருமா என்றுகூடப் பணம் கட்டினார்கள்.

கேட்கச் சுவாரஸ்யம்தான். ஆனால் உங்களுக்கு அந்தச் சீட்டை விற்பவர் யார்? அட்டைப்படம் வரைந்தவராக இருக்கலாம், ஒலிப்பதிவுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலைக்கு மாதக்கணக்கில் முன்னாடியே தேதி தெரியும். 2013 டிசம்பர் 13 அன்று பியான்சே, முன்னறிவிப்பே இல்லாமல் முழு ஆல்பத்தை வெளியிட்டார். ரசிகர்களுக்கு அது இன்ப அதிர்ச்சி; அவர் கூடவே வேலை செய்தவர்களுக்கு அல்ல. தேதி தெரிந்தவனும் தெரியாதவனும் எதிரெதிரே உட்கார்ந்தால் அதற்குப் பெயர் பந்தயமில்லை, வசூல்.

ஒரு தாய், ஸ்ரீரங்கம்: என் மகன் ராத்திரியெல்லாம் மொபைலில் ஏதோ 'ப்ரெடிக்‌ஷன்' என்று பணம் கட்டுகிறான். கேட்டால் 'பாட்டு சம்பந்தப்பட்டதும்மா' என்கிறான்.

பாட்டு சம்பந்தப்பட்டதென்றால் காதில் ஹெட்போன் இருக்க வேண்டும் அம்மா, கையில் யுபிஐ இருக்கக் கூடாது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி இணையச் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை மத்திய அரசும் 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தது. மகனைத் திட்டாதீர்கள். திட்டினால் கதவைச் சாத்திக்கொள்வான், கடன் உள்ளே வளரும். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை இருவரும் சேர்ந்து கூட்டுங்கள். அந்தத் தொகையை அவன் வாயாலேயே சொல்லட்டும். இதைச் சிரிப்புக்காக எழுதவில்லை. இப்படி இடிந்துபோன வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியை, அரியமங்கலம்: தமிழில் பந்தயம் கட்ட ஆல்பமே இல்லையே? எல்லாம் சினிமாப் பாட்டுதானே?

பெரும்பாலும் அப்படித்தான். அதனால் நம் ஊரில் பாட்டின் தேதி இசையமைப்பாளர் கையில் இல்லை, படத்தின் கையில் இருக்கிறது. படம் பெட்டிக்குள் தூங்கினால் பாட்டும் கூடவே தூங்கும். 'துருவ நட்சத்திரம்' படத்தின் 'ஒரு மனம்' 2020-லேயே வந்துவிட்டது. 2023 நவம்பரில் வருவதாக அறிவித்த படம் கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. தனி ஆல்பக்காரர்களும் உண்டு. 2012-ல் ஆல்பம் விட்ட ஹிப்ஹாப் தமிழா ஓர் உதாரணம். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' என்ற ஒற்றைப் பாட்டு உலகத்தையே சுற்றியது. இவர்களுக்கு நம்மிடமிருந்து வேண்டியது காசு கொடுத்துக் கேட்கும் காது.

வாசகி, காட்டூர்: நீங்கள் பந்தயமே கட்டியதில்லையா?

ஒரே ஒருமுறை. 1991 தீபாவளிக்கு 'தளபதி', 'குணா' இரண்டுமே வெளியாகப்போகின்றன, இரண்டுக்கும் ராஜா இசை. எந்தக் கேசட் முதலில் கடைக்கு வரும் என்று நண்பனோடு பந்தயம், இரண்டு வாழைக்காய் பஜ்ஜிக்கு. தஞ்சாவூர் ரோட்டில் டவுன் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ரெக்கார்டிங் கடைக்குத் தினமும் போவோம். ஒரு சாயங்காலம் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், ஒன்றும் கேட்காமல், முன்பே நாங்கள் கொடுத்து வைத்திருந்த 90 நிமிடக் கேசட்டை எடுத்து நீட்டினார். ஏ பக்கம் தளபதி, பி பக்கம் குணா, அவர் கையெழுத்தில். எது முதலில் வந்தது என்று கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பஜ்ஜியை ஆளுக்கொன்றாகத் தின்றுவிட்டு, எண்ணெய்க் கை பட்டுவிடாமல் கேசட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.