வெட்டுப்படாத புனிதர் தேவை

கத்தோலிக்க வீட்டில் தாய்மாமனாகப் பிறந்தவனுக்கு இரட்டை வேலை. ஊர் வழக்கப்படி காதுகுத்துக்கு மடி கொடுக்க வேண்டும்; சபை வழக்கப்படி உறுதிபூசுதலுக்குத் தோளில் கை வைத்து நிற்க வேண்டும். பெற்றவர்கள் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்வதால் அக்கா நேராக என்னிடம் வந்தாள். "நீதான் ஞானத்தகப்பன். பையனுக்கு நல்ல புனிதர் பேரா ஒண்ணு பாருடா." புதுப் பெயர் எடுத்தே தீர வேண்டும் என்று சட்டமில்லை, ஞானஸ்நானப் பெயரே போதும் என்றேன். ஆனால் சும்மா கிடைப்பதை எங்கள் வீட்டில் யாரும் விட்டதில்லை.

மருமகன் ஏற்கெனவே ஒருவரைப் பிடித்து வைத்திருந்தான்: கார்லோ அகுதீஸ். 1991-ல் பிறந்து, 2006-ல் இரத்தப் புற்றுநோயில் இறந்து, 2025 செப்டம்பரில் புனிதரான இத்தாலியப் பையன். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர், அசிசியில் அவர் உடல் ஜீன்ஸும் ஷூவுமாகக் கிடத்தப்பட்டிருக்கிறது. "நம்ம ஆளு மாமா!" என்றான். வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் இல்லை என்று அவர் தனக்குத்தானே கட்டுப்பாடு வைத்திருந்ததையும் சொன்னேன். கையிலிருந்த போனைக் கீழே வைக்காமலே, வேறு புனிதர் கேட்டான்.

சரி, நம் சீமைக்கு வந்தவரைப் பார்ப்போம் என்று அருளானந்தரை எடுத்தேன். 1647-ல் லிஸ்பனில் பிறந்து அரண்மனையில் வளர்ந்த ஜான் தெ பிரிட்டோ, மதுரை மிஷனுக்கு வந்து பண்டாரசாமி கோலத்தில் மறவர் நாட்டில் நடையாய் நடந்தவர். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947-ல் புனிதர் பட்டம். ஓரியூர்ச் செம்மண் பொட்டலம் ஒன்று எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் எப்போதும் இருக்கும். அதை வைத்த அம்மாவே எதிர்த்தாள்: "வெட்டுப்பட்ட சாமி நமக்காக வேண்டிக்கட்டும். பேரெல்லாம் வேணாம்." பையனின் கவலை வேறு. இந்த ஊருக்கு வந்தபின் அவர் கறி, மீன் தொடவில்லை என்றதும், ஞாயிறு பூசை முடிந்து கறிதோசைக்குப் போகிற மதுரைக்காரன் முகம் வாடிவிட்டது.

அடுத்து தேவசகாயம். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி, மனைவியோடு குடும்பம் நடத்தியவர். 1745-ல் ஞானஸ்நானம் பெற்றார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போய், 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். சாமியாராகவோ துறவியாகவோ இல்லாமல் இந்தியாவிலிருந்து புனிதரான முதல் ஆள். பட்டம் கிடைத்தது 2022 மே 15-ல். மச்சான் குறுக்கிட்டார்: "அரண்மனை உத்தியோகம் போச்சுல்ல? இவன் குரூப் ஃபோர் எழுத வேண்டியவன், மாப்ள. வேலை வாங்கிக் குடுக்கிற புனிதராப் பாருங்க."

இப்படி ஜாதகம் பார்த்து வரனைக் கழிப்பதுபோல் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டிருந்தபோது பையன் கேட்டான்: "எல்லாருமே புனிதர் ஆகணும்னு மறைக்கல்வி வகுப்புல சொன்னாங்களே மாமா. நீங்க எப்ப ஆவீங்க?"

அவன் சொன்னது சரிதான். எல்லாருக்கும் அந்த அழைப்பு உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே எழுதிவைத்துவிட்டது. கேள்வியைத் திசைதிருப்ப, திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ல் எழுதிய மடலைத் துணைக்கு அழைத்தேன். புனிதராவதற்கு வெட்டுப்பட வேண்டியதில்லையாம். கடைக்குப் போகிற பெண், வழியில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி புறணியை ஆரம்பிக்கும்போது, யாரைப் பற்றியும் தப்பாகப் பேச மாட்டேன் என்று நின்றுவிட்டால் அதுவே ஒரு படி ஏறியதுதானாம்.

அம்மா, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீட்டார் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தை நினைத்துப் பார்த்தாள். கூட்டம் முடிந்தபின் வாசலில் நடக்கும் அதைவிட நீண்ட கூட்டத்தையும் நினைத்துப் பார்த்தாள்.

"அதுக்கு வெட்டுப்படுறதே மேலு" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் குறுக்கே புகும் ஷேர் ஆட்டோக்களுக்கு அன்றாடம் நான் செய்கிற அர்ச்சனை எனக்குத்தானே தெரியும்.

கடைசியில் பையன் அருளானந்தரையே எடுத்தான். இப்போது வெட்ட வருபவர்கள் யாருமில்லை, உறுதிபூசுதல் கொடுக்கும் பேராயர் கறியைப் பற்றி எதுவும் கேட்க மாட்டார் என்று விசாரித்து வைத்துக்கொண்டு எடுத்த முடிவு. அம்மாவும் ஒப்புக்கொண்டாள், வாசல் கூட்டத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கக் கூடாது என்பது அவள் நிபந்தனை.

ஞானத்தகப்பனாக நிற்கப்போகும் தாய்மாமன்களுக்கு ஒரு வார்த்தை: வாட்ச் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புனிதர் கதை சொல்லப் போகாதீர்கள். திருப்பிக் கேள்வி கேட்கிற வயதில்தான் உறுதிபூசுதல் கொடுக்கிறார்கள்.