ரஞ்சன்குடித் தரகரியல்: ஓர் அறிமுக ஆய்வு

கல்வெட்டையும் நாணயத்தையும் பானையோட்டையும் துருவித் துருவி ஆராய்ந்த தமிழுலகம், வீட்டுத் தரகரை மட்டும் ஆராயாமல் விட்டுவிட்டது. அக்குறையைப் போக்க முன்வந்த இக்கட்டுரை, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு வடக்கே உள்ள ரஞ்சன்குடியைக் களமாகக் கொள்கிறது. அங்கே கோட்டையும் இருக்கிறது, கோட்டையைச் சுற்றி விலை பேசத்தக்க நிலமும் இருக்கிறது.

1. வரலாறு

இத்துறையின் முதற்சான்று 1751-இல் கிடைக்கிறது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு சந்தா சாகிபும் முகமது அலியும் மல்லுக்கட்டிய காலம் அது. முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, பின்னவருக்கு ஆங்கிலேயர் துணை. இரு படைகளும் வந்து கோட்டையைக் கேட்டன. கோட்டைத் தலைவர் இருவரிடமும் பேசினார். ஒருவருக்கும் ‘இல்லை’ என்று சொல்லவில்லை, ஒருவருக்கும் கொடுக்கவுமில்லை. பொறுமையிழந்த ஆங்கிலப் படை கோட்டையை ஒட்டிய பேட்டைக்குத் தீ வைக்க, அவர் பிரெஞ்சுத் தரப்பின் பக்கம் சாய்ந்தார். ராபர்ட் ஆர்ம் தம் போர் வரலாற்றில் இதை எழுதிவைத்திருக்கிறார். ‘வேற பார்ட்டியும் கேட்டுட்டிருக்காங்க சார்’ என்ற உத்திக்கு இவ்வட்டாரத்தில் இதைவிடப் பழைய சான்று நமக்குக் கிட்டவில்லை.

அவர் தலைவர்தானே, தரகரா என்று மறுப்பவர் உண்டு. கோட்டை அவருக்குச் சொந்தமில்லை. அடுத்தவர் சொத்துக்கு இரு பக்கமும் பேசுகிறவரை வேறெப்படி வகைப்படுத்துவது?

2. அளவையியல்

நிலத்தைச் சென்ட்டில் அளப்பார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. தூரத்தைத் தரகர் நிமிடத்தில் அளப்பார். “பைபாஸ்ல இறங்குனா ரெண்டே நிமிஷம்ணே!” எந்த வண்டியில், என்ன வேகத்தில் என்பது வாங்குபவரின் கற்பனைக்கு. மக்காச்சோளக் கொல்லை நடுவே நின்று, “இந்தால பெரிய ரோடு வருது” என்று அவர் கையை நீட்டினால், கை போன திசையெல்லாம் சாலை.

கோட்டை மட்டும் மீட்டருக்குக் கட்டுப்பட்டது. அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 2010-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இதிலிருந்து ரஞ்சன்குடி விதி பிறக்கிறது: மனையிலிருந்து கோட்டை எவ்வளவு நன்றாகத் தெரிகிறதோ, அம்மனையில் வீடு எழும் வாய்ப்பு அவ்வளவு குறைவு. ‘வாசல்ல நின்னா கோட்டை, பாத்துக்கிட்டே இருக்கலாம்’ என்று சொல்லும் தரகர் பொய் சொல்வதில்லை. பார்த்துக்கொண்டு மட்டுமே இருக்கலாம்.

3. பேச்சுமுறை

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். நிலத்துக்கு டீக்கடை பெஞ்ச். விற்பவர் ஒரு முனை, வாங்குபவர் மறு முனை. இடையில் கிளாஸும் கையுமாகத் தரகர். விற்பவர் காதில்: “அண்ணே, அவரு இதுக்கு மேல ஏற மாட்டாரு. கெஞ்சிக் கூட்டியாந்திருக்கேன்.” பெஞ்சின் மறுமுனையில்: “சார், அவரு இறங்கவே மாட்டேங்கிறாரு. கெஞ்சிட்டிருக்கேன்.” இரண்டு பக்கமும் கெஞ்சுவதால் இரண்டு பக்கமும் கமிஷன். இருவரும் நகர்ந்து உட்கார்ந்து நேரில் பேசிவிட்டால் தொழில் படுத்துவிடும். பெஞ்சின் நீளத்தில்தான் அவர் பிழைப்பு இருக்கிறது.

4. சட்டமும் வரவும்

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, பதிவு பெற்ற மனைத் திட்டங்களில் விற்றுக்கொடுக்கும் முகவரும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஊருக்குள் ஒற்றை ஓட்டு வீடு கைமாறினால் அந்தப் பிரிவு எட்டிப் பார்ப்பதில்லை. கமிஷன் இவ்வளவு என்றும் அச்சட்டம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் கிரயத்துக்குப் பொதுவாக முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 20 லட்ச ரூபாய்க் கிரயத்தில் 1,80,000 ரூபாய் அரசுக்குப் போகிறது. அதை யாரும் முணுமுணுப்பதில்லை. தரகருக்கு ஒரு சதவீதம் கொடுக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

அந்த ஒரு சதவீதத்துக்குச் சரக்கு இல்லாமல் இல்லை. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். கையெழுத்துப் போட மறுக்கும் தம்பி, சீதனமாகக் கேட்கும் அத்தை, கிணற்றில் கால் பங்கு கோரும் பங்காளி எல்லாரும் தரகரின் தலைக்குள்தான் பதிவாகியிருக்கிறார்கள். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் கிரயம் முடிந்தபிறகு சொல்வார்.

5. முடிவு

தரகரை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். அவர் சொல்வதைக் காதில் வாங்குங்கள், ஆவணத்தைக் கையில் வாங்குங்கள். தாய்ப் பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கம் மூன்றையும் பார்க்காமல் டோக்கன் போடாதீர்கள். கமிஷனை முதல் நாளே எழுத்தில் பேசிவிடுங்கள். ரஞ்சன்குடியில் மனை பார்ப்பவர்கள் கூடவே ஒரு சர்வேயரையும் அழைத்துப்போய், கோட்டை எல்லையிலிருந்து 300 மீட்டரை அளந்த பிறகு டீக்கடைக்குப் போவது நல்லது.