முதலில் திட்டு, அப்புறம் ஃபீஸ்

அப்போது நான் மினியாபோலிஸ் அருகே ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பைவிட்டு வெளியே அனுப்பப்படுகிறவர்களில் கறுப்பினப் பையன்களே ஏன் இத்தனை பேர் என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் கேட்டேன். "நீங்க உங்க கணக்கைப் பாருங்க" என்றார்கள். நான் பார்த்ததும் கணக்குதான். 2014இல் மத்தியக் கல்வித் துறையே ஒரு கணக்கை வெளியிட்டது: பாலர் வகுப்புப் பிள்ளைகளில் கறுப்பினக் குழந்தைகள் 18 சதவீதம், ஒரு தடவைக்கு மேல் சஸ்பெண்ட் ஆனவர்களிலோ 48 சதவீதம். "நாலு வயசுப் பிள்ளை சஸ்பெண்ட் ஆகுற அளவுக்கு என்னடி பண்ணியிருக்கும்?" என்று மதுரையிலிருந்து அம்மா கேட்டார்.

பிறகு பள்ளியே என்னைச் சமத்துவக் குழுவில் போட்டது. அதற்குச் சம்பளம் கிடையாது, சமோசா கொண்டுவரலாம். என்னைச் சேர்த்தது கேள்விக்காகவா தோலுக்காகவா என்று நானும் கேட்கவில்லை.

வேலையை விட்டுவிட்டு இனச் சமத்துவ ஆலோசகர் ஆனேன். இதற்கு லைசென்ஸ் வேண்டாம். மினசோட்டாவில் முடிவெட்டத்தான் லைசென்ஸ் வேண்டும். வக்கீல், பாதிரியார், எச்.ஆர். அதிகாரி என்று எங்கிருந்தும் வரலாம். டீச்சர்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. பக்கத்து அயோவா மாநிலத்தின் ரைஸ்வில் என்ற சிற்றூரில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, ஜேன் எலியட் தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்துப் பிரித்து உட்காரவைத்தார். நீலக் கண்ணுக்கு ஒரு நியாயம், பழுப்புக் கண்ணுக்கு ஒரு நியாயம். ஊரில் பலர் அவரைக் கரித்துக்கொட்டினார்கள். பிற்பாடு கம்பெனிகள் காசு கொடுத்துக் கூப்பிட்டன. இந்தத் தொழிலின் வரிசையே அதுதான்.

2020 மே 25 அன்று எங்கள் நகரத்துத் தெருவில் ஒரு போலீஸ்காரர் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக முழங்காலை அழுத்திக் கொன்றார். நகரம் எரிந்தது. அடுத்து என் இன்பாக்ஸ் நிரம்பியது. வெள்ளிக்கிழமைக்குள், ஒரு மணி நேரத்தில், ஜூமில் இனவெறியை முடித்துத் தர முடியுமா என்கிற தொனி. ஃபீஸ் சொன்னேன். ஒருவரும் பேரம் பேசவில்லை. நம்மூர்க்காரியான எனக்கு அதுதான் உறுத்தியது. "சம்பளப் பட்டியலையும் பதவி உயர்வு விவரத்தையும் காட்டுங்கள்" என்றால் மட்டும், "லீகலைக் கேட்கணும்" என்பார்கள். லீகல் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் என்ற சமூகவியலாளர்கள் 2016இலேயே எழுதியிருந்தார்கள்: மேலாளர்களுக்குப் பன்முகத்தன்மைப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய நிறுவனங்களில், ஐந்தாண்டு கழித்து, மேலாளர் பதவிகளில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்தது; ஆசிய வம்சாவளியினருக்கும் 4, 5 சதவீதம் சரிவு. அதாவது, என் பயிற்சியால் என் இனத்துக்கே நஷ்டம். இதை முதல் ஸ்லைடாகவே வைத்தேன். கைதட்டினார்கள்.

இப்போது காற்று திரும்பிவிட்டது. 2023 ஜூனில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றதும் மத்திய அரசில் பன்முகத்தன்மை, சமத்துவத் திட்டங்களுக்கெல்லாம் பூட்டு. அதே மாதம், எங்கள் ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் டார்கெட் நிறுவனமும் இந்த விஷயத்தில் தன் இலக்குகளைக் கைவிட்டது. என்னைக் கூப்பிடுகிற சிலரும் "மெயில் வேண்டாம், போனில் பேசலாமா?" என்கிறார்கள். கள்ளச்சாராயம் விற்பதுபோல் இருக்கிறது.

நம்மவர்கள் மட்டும் அன்றும் இன்றும் ஒரே மாதிரி. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம். அதையும் பயிற்சியில் சேர்த்தேன். வெள்ளைக்கார மேனேஜர் தன்னை ஓரங்கட்டுவதாக என்னிடம் மணிக்கணக்கில் புலம்பும் சித்தப்பா உடனே போன் செய்தார்.

"நிறத்தப் பத்திப் பேசும்மா, வேணாங்கல. அமெரிக்காவுல ஏது சாதி?"

"சரி சித்தப்பா" என்றேன்.

"அப்புறம், தம்பிக்குப் பொண்ணு பாக்குறோம். டல்லாஸோ நியூ ஜெர்சியோ, எங்க இருந்தாலும் பரவாயில்ல. நம்மாளுங்களா மட்டும் இருக்கணும்."